தலைக்கணக்கு

ட்ரொம்ஸோவில் ஜனவரி. பகல் பதினொன்று;
வானம் இன்னும் மைப்புட்டி நீலம்.
பதினான்கு மஞ்சள் மேலங்கிகள்
பனிமேட்டில் உருள்கின்றன.

எண்ணுகிறாள் குன்வோர்.
ஒன்பதை எட்டும்போது நான்கு இடம் மாறிவிடுகிறது.
இல்வா சறுக்குப்பலகையைக் கடித்துப் பார்க்கிறாள்.
யாரோ ஒருவன் இடக்கால் பூட்ஸைப்
பனிக்குள் விதைத்துவிட்டு அழுகிறான்.
மறுபடியும் ஒன்றிலிருந்து.

பதினான்கு. சரி.
மூச்சு வெண்புகையாய் இறங்குகிறது.

பதினான்காவது மட்டும்
அசையவே இல்லை.

கிட்டே போனால்
கேரட் மூக்கு.
அஸ்லாக்கின் அங்கி அதன்மேல்,
பொத்தான்கூடப் போட்டு.

"அஸ்லாக்!"
மலைவரை போய் வெறுங்கையோடு திரும்புகிறது குரல்.

கோட்டின் பின்நுனியை
ஒரு கையுறை இழுக்கிறது.
"உஷ்... அவனுக்கு ரொம்பக் குளிருச்சு.
இப்பதான் தூங்கறான்."

குன்வோர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள்.
பிறகு, கிசுகிசுப்பாக,
மறுபடியும் ஒன்றிலிருந்து.