ஈரம் தட்டுது

சீசனில் யார் விடுவார்கள், முதலாளி முகம் சுளித்தார்.
ஆனாலும் வைகாசித் தேர்.
ரிக் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு ஆறு பேர் போனோம்,
திருச்செங்கோட்டில் இரண்டாம் ஆட்டம்.
ஒன்பது மாதம் விதர்பாவில் பாறை குடைந்த காதுகள்.
தியேட்டரே அதிர்ந்தது என்றார்கள் மற்றவர்கள்.
எங்களுக்குக் கிசுகிசுப்பு.

படத்தில் ஒருத்தி,
பேர் வாயில் நுழையாத கோளில் தனியாக விடப்பட்டவள்.
மிச்சம் பதினொரு லிட்டர் தண்ணீர்.
பெட்டியைத் திறந்து துளைக்கருவி எடுத்தாள்,
வீட்டு மிக்ஸி அளவு.
"பூந்தொட்டிக்கு ஓட்டை போடலாம்" என்றான் பொங்கியண்ணன்.
முன்வரிசை திரும்பி முறைத்தது.

பக்கத்தில் சின்னதாய் ஒரு கம்பரசர், சிவப்பு விளக்கோடு.
அட சாமி,
காத்தே இல்லாத ஊரில் கம்பரசர் எதை உறிஞ்சும்,
எதை ஊதும்?
ஊதாமல் புழுதி எப்படி மேலே வரும்?
வராவிட்டால் ஹேமர் சிக்கும், ராடு முறியும்,
விடியக் காலம் முதலாளி போனில் வருவார்.
யாராவது அந்த டைரக்டருக்குச் சொல்லியிருக்கலாம்.
ஒரு டீக்கு நானே சொல்லியிருப்பேன்.

நொட்டை சொல்லிக்கொண்டே பார்ப்பது தனிச் சுகம்,
கறிச்சோற்றில் எலும்பை உறிஞ்சுகிற மாதிரி.
கொடுத்த காசில் பாதி அதற்குத்தான்.
வெட்டவெளியில் சத்தமே கேட்காது என்றான் அர்த்தநாரி,
பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் இருந்தவன்.
கேட்காதிருந்தால் நான் தூங்கியிருப்பேன் என்றேன்.

அப்புறம் அவள் குழாயை மேலே இழுத்தாள்.
நுனியில் ஒட்டியிருந்ததைக் கையுறையால் வழித்தாள்.
வெள்ளைப் புழுதி.
இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள்.
கொஞ்சம் நின்று
மறுபடியும் தேய்த்தாள்.

எங்கள் வரிசையில் பேச்சு நின்றது.

அந்தத் தேய்ப்பை யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு?

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு காடு,
மூன்று வருஷம் முன்னால்.
சீட்டுத் தள்ளி எடுத்த பணத்தோடு ராசாமணி என்கிற அம்மா
இரண்டு ராத்திரி வண்டியை விட்டு நகரவில்லை.
தொள்ளாயிரம் அடியில் இப்படித்தான் குனிந்து அள்ளி,
இப்படித்தான் தேய்த்து,
"ஏனுங், ஈரம் தட்டுதுங்களா?"

ராடு மாட்டிக்கொண்டிருந்தவன் நான்.
ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும்.
"தட்டுதுங்க. இன்னொரு நூறடி பாக்கலாங்க."
புழுதி சுண்ணாம்பாய்க் காய்ந்து கிடந்தது.
அது என் கண்ணுக்கும் தெரிந்தது, அவள் விரலுக்கும் தெரிந்தது.
தலையாட்டினாள்.
யார் யாரை நம்பவைத்தது என்று இன்றும் பிடிபடவில்லை.
ஆயிரத்து நாற்பதில் நிறுத்தினோம்.

திரையில் தண்ணீர் வந்துவிட்டது.
பாட்டிலில் அடைத்து விற்கலாம், அவ்வளவு தெளிவு.
முதல் தண்ணி சேறாகத்தான் வரும்,
சாணிக் கரைசலாய் மூஞ்சியில் அடிக்கும்.
நாங்கள் போன ஏழு மாநிலத்திலும் அப்படித்தான்,
மற்ற கோள்களிலும் வேறு மாதிரி வராது.
பொங்கியண்ணன் நீளமாய் விசில் அடித்தான்.
கேலிக்கா என்று நான் கேட்கவில்லை.

மங்கள் மட்டும் படம் முழுக்க வாய் திறக்கவில்லை.
சத்தீஸ்கர்ப் பையன், தமிழ் வசனம் பாதிதான் எட்டும்,
அதனால் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.
இப்போது என் தோளைத் தட்டி,
வயல் ஓரத்தில் நின்று கேட்கிற அதே குரலில்,
"அண்ணா, எத்தனை இஞ்சு?"

கண்ணைச் சுருக்கி அளந்தேன்.
"ஒண்ணரை இருக்கும்டா."
அவன் திருப்தியாய்ச் சாய்ந்துகொண்டான்.

வெளியே தேர்க்கடைகள் இன்னும் மூடவில்லை.
டீ ஆறும்வரை யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை.
பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
அவளை நம்பிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.
அந்தக் கம்பரசர் மட்டும்
எனக்கு இன்னும் செரிக்கவில்லை.