கணக்கில் வராத போல்ட்

தலவாக்கலையிலிருந்து ஏற்றம் முழுக்க
மூன்றாம் கியரிலேயே இரைந்து வந்து
வட்டகொடை சந்தியில் நின்றது
பவளராணியின் டட்சன்.
ஆறு ஸ்ரீ. எழுபத்தெட்டாம் ஆண்டு வண்டி.
கியர்த்தண்டை ஆட்டிப் பார்த்தேன்,
சுவரில் அடித்த ஆணி.

"பெட்டிய எறக்கணும்" என்றேன்.
"எறக்கு. வெள்ளிக்கிழமை நுவரெலியா கிளினிக்குக்கு
மூணு பேரு சொல்லியிருக்காங்க."
அன்று செவ்வாய்.

செவ்வாயெல்லாம் மழை.
ஸ்லீப்பர் கட்டை அடுக்கி வண்டியை உயர்த்தி
உரச்சாக்கு விரித்துப் படுத்தேன்.
ப்ரொப்பெல்லர் சாஃப்ட்டை உருவியதும்
எண்ணெய் ஒழுகிய வாய்க்கு
ஷொப்பிங் பேக்கைச் சுற்றி ரப்பர் போட்டேன்.
ஸ்டார்ட்டர் கழன்றது.
குறுக்குச் சட்டம் கழன்றது.
இஞ்சினோடு பெட்டியைப் பூட்டிய போல்ட்டுகள்
பால் டின்னில் விழ விழ
பவளராணி சத்தத்தை எண்ணினாள்.
"ஆறு. அவ்வளவுதானா?"
அவ்வளவுதான் என்றேன்.

பெட்டி அசையவில்லை.

மண்ணெண்ணெயில் பிரேக் எண்ணெய் கலந்து
பொருத்தில் விட்டு ஓர் இரவு ஊறவைத்தோம்.
புதன்கிழமை மரச்சுத்தியலால் தட்டினேன்.
பிறகு இரும்புச் சுத்தியலால்.
பிறகு வாயால்.
கடப்பாறை நுனிக்குக் கீழ்ப்பக்கம்
ஒரு நூலளவு திறந்தது, மேலே மூடியே கிடந்தது.
"கீழ சிரிக்குது, மேல பல்லைக் கடிக்குது" என்றாள்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வியாழன் காலை, கண் போகாத இடத்துக்குக்
கையை அனுப்பினேன்.
மணிக்கட்டுவரை, முழங்கைவரை,
தோல் உரிந்த பிறகு இன்னும் கொஞ்சம்.
விரல்நுனியில் தட்டுப்பட்டது
ஏழாவது தலை.

பதினைந்தாம் நம்பர் சாவி ஏறவில்லை.
பதினாறு ஏறியது, கவ்வவில்லை.
ஜப்பான்காரன் வண்டிக்குள்
இஞ்ச் கணக்கில் ஒரு போல்ட்டு,
வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு.
அதற்குச் சாவி உள்ள ஒரே இடம்
தேயிலை ஃபாக்டரியின் ஃபிட்டர் அறை.
ஃபிட்டர் சூசைமுத்து
என் தங்கச்சி புருசன்.
ஏழு கூரைத்தகரத்துக்காக
எங்களுக்குள் பேச்சு நின்று ரெண்டு வருசம்.

பவளராணியைத்தான் அனுப்பினேன்.
சாவியைத்தான் கேட்கச் சொன்னேன்.
சாவியோடு அவனும் வந்தான்,
புருவமெல்லாம் தேயிலைத் தூள்.
காரைச் சுற்றி வந்து
"மேல உள்ளத நான்தான் போட்டேன்" என்றான்,
முன்சில்லைப் பார்த்து.
"டிஸ்பென்சர் ஐயா கையில வண்டி இருந்தப்ப.
ரோலர்ல கழட்டின போல்ட்டு. ராத்திரி வேற என்ன கெடைக்கும்?"

பிறகு சாக்கின் மறுபாதியில் படுத்தான்.

"கொஞ்சம்."
"இன்னும்."
"உங்க பக்கம்."
"விடு."
"விடாதீங்க!"
ரெண்டு வருசத்துக்குப் பிறகு
நாங்கள் பேசியது இவ்வளவும்.

முறுக்கு விட்ட சத்தம் கேட்டது.
பொருத்து வாய்பிளந்து, தண்டு கிளச்சை விட்டு வழுக்கி,
பெட்டி இறங்கி
எங்கள் நெஞ்சில் பாதிப் பாதியாய் உட்கார்ந்தது.
முப்பது கிலோ. பழைய கியர் எண்ணெய் நாற்றம்.
ஒருவன் நகர்ந்தால்
மற்றவன் விலா போகும்.

"அந்தத் தகரம்..." என்றான்.
"பெட்டியப் பிடி" என்றேன்.
பிடித்தான்.
பவளராணி குனிந்து பார்த்தாள்,
ஜாக்கைத் தேடப் போகிறேன் என்றவள்
தேநீர் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

உள்ளே ஒரு கவை வளைந்திருந்தது,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
புதுசுக்கு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட வேண்டும்.
வெள்ளிக்கிழமை மூன்று பேரும்
பஸ்ஸில்தான் கிளினிக்குப் போனார்கள்.

சூசைமுத்து புறப்படும்போது
டின்னைக் கிளறி ரோலர் போல்ட்டை எடுத்து
மண்ணெண்ணெயில் கழுவி, சாரத்தில் துடைத்து
"கம்பனி சாமான்" என்று பையில் போட்டான்.
சாவியை
மறந்து வைத்துவிட்டுப் போனான்.