நான்காவது தீர்மானம்

பிறையில் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை.
வெள்ளிக்கிழமை, மணி மூன்று இருபது.
மதியத்து மீ கோரெங் வாடை இன்னும் மேசைகளில்.
தகரத்தில் மழை பிடித்துக்கொள்ள
கிளைத் தலைவர் புஸ்பநாதன்
ஒலிவாங்கியை விழுங்காத குறையாகப் பேசினார்.
நான் செயலாளர்.

‘சம்பள உயர்வுக் கோரிக்கை விவாதிக்கப்பட்டது’
என்று எழுதினேன். ஒரே வரி.

ஓய்வுக்கு எட்டு மாதமே உள்ள நேசமணி டீச்சர் எழுந்து
இது அறப்பணி, காசு காசு என்று அலைந்தால்
பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது என்றார்.
அறத்துக்குக் கார் தவணை கிடையாது டீச்சர்.
இது தினேஸ்வரன், பின்வரிசை;
இரவு பத்து வரை தீவுக்கும் பெருநிலத்துக்கும்
கிராப் ஓட்டிவிட்டு
காலையில் நான்காம் ஆண்டுக்கு அறிவியல் எடுப்பவன்.
பாதிப் பேர் சிரித்தார்கள்.
மீதிப் பேர் கைப்பேசியில் மழை எப்போது நிற்கும் என்று பார்த்தார்கள்.

போன மனுவுக்குப் பதில் வந்தது தெரியுமா,
நல்ல கனமான தாளில்,
‘பரிசீலனையில் உள்ளது’ என்று.

பையன்கள் கழிப்பறைக் கதவு
இரண்டு வருடமாகக் கயிற்றில் நிற்கிறது,
முதலில் அதைக் கேளுங்கள் என்றார் கோமளவல்லி.
கதவையும் கேட்போம், சம்பளத்தையும் கேட்போம்,
கேட்பதற்குமா வரி?
யார் சொன்னது என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.

வாக்கெடுப்பு.
நாள் முழுக்க ‘பதில் தெரிந்தவர் கை தூக்குங்கள்’ என்கிறவர்கள்
தாங்களே தூக்கும்போது
எவ்வளவு உயரம் என்று தெரியாமல் தடுமாறுகிறோம்.
சிலர் காது வரை. தினேஸ்வரன் மின்விசிறி வரை.
கரும்பலகைத் தோள்வலி எனக்கு, பாதிவரைதான்.

ஆதரவு இருபது. எதிர்ப்பு மூன்று. நடுநிலை ஒன்று.
கூட்டினால் இருபத்து நான்கு.
வருகைப் பட்டியலில் இருபத்து மூன்று கையெழுத்து.

மறுபடி எண்ணுங்கள் என்றார் தலைவர்.
எண்ணினேன்.
தண்ணீர்த் தொட்டியருகே கடைசி நாற்காலியில்
சுகுணேஸ்வரி,
பாலர் பள்ளி டீச்சர்.
பெற்றோர் சங்கம் திரட்டித் தரும் சம்பளம்;
படி இல்லை, ஓய்வூதியம் இல்லை, எங்கள் சங்கமும் இல்லை.
மோட்டார் சைக்கிளில் போகிறவர்,
மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.
என் பார்வை பட்டதும் கை இறங்கி
நெற்றி முடியை ஒதுக்கியது,
அதற்காகத்தான் எழுந்ததுபோல.

பத்தொன்பது என்று எழுதினேன்.
தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல்.
தலைமையகம் கேள்வி கேட்காது. கணக்கு சரி.

ஆண்டுத் தொடக்கத்தில் இதே கூரையின் கீழ்
பெற்றோர் கூட்டம் நடந்தது.
பாலர் பள்ளிக் கட்டணத்தில் பத்து வெள்ளி ஏற்றினால்
அந்த டீச்சருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் என்றார்கள்.
என் மகள் அங்கேதான் படிக்கிறாள்.
விலைவாசி இருக்கிற இருப்பில், என்று
நான்தான் ஆரம்பித்தேன்.
எதிர்த்துக் கை தூக்கினேன்.
அன்றைக்குத் தோள் வலித்ததாக ஞாபகம் இல்லை.

மழை முழுக்க விடவில்லை.
கைப்பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி
இருக்கைக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டு
தலைக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னார்:
‘உங்க மகள் இப்ப நூறு வரை எண்ணுறா டீச்சர்.
ஒண்ணுகூட விடாம.’

நன்றி என்றேன்.
குத்திக் காட்டினாரா, தெரியவில்லை.
கவசக் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.