சாய்ந்து தொங்கியவை

முதலில் சதுர ஐந்து சதங்கள் காணாமற்போயின.
பிறகு ஒரு சதமும்.
கப்பல்துறையில் கூலி தாளாக வந்தது.
ரூபாயை நீட்டித் தேத்தண்ணி கேட்டவனை
மீதிக்கு நாளைக்கு வா என்றோம்.
நாளைக்கும் இல்லை.

மீராலெப்பை முதலாளி பிஸ்கற் தகரத்தைக் காட்டினார்.
"வட்டமா வெட்டு.
சதுரமெண்டா அது ராசாவின்ர சல்லி,
பொலிசு வரும்."
ஒரு பக்கம் மீ, மறுபக்கம் ஐந்து,
நடுவில் ஆணித்துளை.
ஆயிரத்து இருநூறு என்று பேரேட்டில் எழுதினேன்.

மூன்று கிழமைக்குள்
தகரம் எங்களைக் கேளாமல் ஊர் சுற்றியது.
கிண்ணியாத் துறையில் தோணிக்காரன் வாங்கினான்.
கோயில் உண்டியலில் விழுந்தது.
சூதில் தோற்றவன்
எங்கள் முதலாளியை ஏசினான்.

சித்திரை பிறக்குமுன் ஒரு காலை
சீனக்குடாப் பக்கம் வானம் இடிந்தது.
எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது.
கொடியில் காய்ந்த சாரமெல்லாம் கரி.
முதலாளி பிள்ளைகளோடு லொறியில் ஏறினார்,
சாவியை என்னிடம் எறிந்தார்:
"அரிசி இருக்குமட்டும் குடு.
தகரத்துக்கு மட்டும் குடு."

திரேசம்மா பாலையூற்றிலிருந்து நடந்து வந்தாள்.
புருசனுக்குத் தாங்கியடியில் வேலை.
நான் கேட்கவில்லை.
சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு;
அவிழ்த்து, உதறி,
ஒன்றுமில்லை என்று காட்டினாள்,
நான் சோதிக்க வந்தவன்போல.

அன்றிரவு விளக்கைச் சாக்கால் மூடி
மிச்சத் தகரத்தை வெட்டினேன்.
கை நடுங்கி ஆணி விலகியது.
பத்தொன்பதோடு தகரம் முடிந்தது.
இன்னும் இருந்திருந்தால்
இன்னும் வெட்டியிருப்பேனா?
தெரியாது.

ஆடியில் முதலாளி திரும்பினார்.
ஊர் வரிசையில் நின்றது.
கடலோடும் மண்ணோடும் போனது போக
எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது.
நான் மூச்சு விட்டேன்.

அவர் அவற்றைக் கம்பியில் கோத்தார்.
நேராகத் தொங்கின எல்லாம்,
பதினெட்டைத் தவிர.
விரலால் ஒவ்வொன்றாய்த் தட்டினார்.
என்னைப் பார்க்கவேயில்லை.

"உன்ர சம்பளத்தில தொண்ணூறு சதம் பிடிக்கிறன்."

"தொண்ணூற்றைஞ்சு, முதலாளி.
ஒண்டு இன்னும் வெளியில நிக்குது."

பேனாவைத் தொட்டுத் திருத்தினார்.
பன்னிரண்டு ரூபாயில் கழித்தால்
பதினொன்றும் ஐந்து சதமும்.
பதினொன்றைத் தாளாக எண்ணித் தந்தார்.
ஐந்து சதத்துக்கு
லாச்சியைத் துழாவினார், மடியைத் துழாவினார்.
சில்லறை இல்லை.

கம்பியை அவிழ்த்து,
சாய்ந்து தொங்கிய ஒன்றைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார்.