பூஜ்யம் என்கிற கூரை

காலை நாலு பத்துக்கு முகாமிலிருந்து பஸ் கிளம்பும்.
ஜுபைல் சாலையில் நாற்பத்தாறு பேர்,
நாற்பது பேருக்கு வாய் திறந்த தூக்கம்.
ஓட்டுகிற குல்ஜமானுக்குத் தூக்கம் வராமலிருக்கப் பாட்டு வேண்டும்.
உயிர்ப் பிரச்சினை, யாரும் மறுப்பதில்லை.

பென் டிரைவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
பஷ்தோ, மலையாளம், வங்காளம், நம்முடையது.
ஒன்று காதுக்குள் ரகசியம் பேசும்,
அடுத்தது காதைப் பிடித்துத் திருகும்.
பாட்டுக்கொரு தடவை அவன் கை பித்தானுக்குப் போகும்,
ஒற்றைக் கையில் வளைவு எடுப்பான்.
போன மாதம் ரவுண்டானாவில்
ஒரு தண்ணீர் லாரியின் போன் நம்பரை
மிக அருகில் படித்தோம்.

"நீ கருவிக்காரன்தானே, அளந்து சரிசெய்"
என்று பென் டிரைவை என் மடியில் போட்டான்.
நான் அளப்பது குழாய்க்குள் ஓடுகிற அழுத்தம்.
முள் சிவப்பைத் தொட்டால் வால்வு திறந்துகொள்ளும்.
பாட்டுக்கு வால்வு இல்லை.

வெள்ளிக்கிழமை, மேல்கட்டில், மடிக்கணினி.
இங்கே பூஜ்யம்தான் கூரை.
சத்தமெல்லாம் அதற்குக் கீழே கழித்தல் குறியோடு,
எங்கள் அறையின் சேமிப்புக் கணக்கைப் போல.
மீறி ஏற்றினால்
அலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாது,
தலை சீவப்பட்டு நிற்கும்.

தெரியாமல் ஒன்றைச் சீவினேன்.
குல்ஜமானின் ரபாப், ஆறு டெசிபல் ஏற்றியதில்
கம்பியெல்லாம் தகரம்.
பதறிப்போய் அதே ஆறை இறக்கினேன்.
சத்தம் இறங்கியது.
தகரம் இறங்கவில்லை.
நல்லவேளை, பழைய நகல் அவன் போனில் இருந்தது.

இருநூற்று எழுபத்தொன்றாவது, பெயரில்லாத கோப்பு.
சாரம் கட்டுகிற மோஃபிஸுல்
குளியலறையில் நின்று பாடிப் பதிந்தது.
குரல் தரையோடு தரையாகக் கிடக்கிறது.
தூக்கிவிடலாமென்று பார்த்தால்
இரண்டாம் நிமிடத்தில் யாரோ வாளியை உதைத்திருக்கிறார்கள்.
அந்த ஒரு டமால் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கிறது.
நாலு நிமிடப் பாட்டின் உச்சம் அதுதானாம்,
இனி ஒரு புள்ளி ஏற்றவும் இடமில்லையாம்.

வாளியை வெட்டியெடுக்கலாம்.
வெட்டினால், சிரிப்பை அடக்கிக்கொண்டு
அவன் மறுபடி எடுக்கிற மூச்சும் போய்விடும்.
கேட்டேன்.
"இருக்கட்டும் பாய், உதைத்தது ஷஃபிக்.
அவனை யான்புவுக்கு மாற்றிவிட்டார்கள்."

ஆகவே மற்ற முந்நூற்றுப் பதினொன்றையும் இறக்கினேன்.
சிலதுக்குப் பதினைந்து, சிலதுக்குப் பதினெட்டு.
பாட்டைத் தொடவில்லை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண் மட்டும் எழுதினேன்,
இவ்வளவு தாழ்ந்து பேசு என்று.
பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாம்.

அதிகம் இறங்கியது நம்ம ஊர்ப் புதுப் பாட்டுகள்.
"தமிழனா இருந்துக்கிட்டு நம்மளையே அமுக்கிட்டியேடா"
என்றான் காசிலிங்கம்.
அளவெடுத்த தாளை நீட்டினேன்.
வாங்கி, டீ கிளாஸுக்கு அடியில் வைத்தான்.

சனிக்கிழமை. நாலு பத்து.
குல்ஜமான் பித்தானைப் பதினொன்றிலிருந்து
இருபத்தாறுக்கு ஏற்றினான், ஒரே தடவை.
பிறகு இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
இடப்பக்க ஸ்பீக்கரின் தாள் கிழிந்திருப்பது
இன்றைக்குத்தான் கேட்டது.
அது என் எண்களுக்குக் கட்டுப்படாது, போகட்டும்.

ஆலைச் சுடர் தெரிகிற திருப்பத்தில் மோஃபிஸுல் பாடினான்.
பாடினவன் எனக்கு முன் இருக்கையில்
சன்னல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
ஒன்று ஐம்பது. ஒன்று ஐம்பத்தைந்து.
எனக்கு மட்டும்தான் தெரியும், வரப்போவது.

டமால்.

நாற்பது பேரும் விழித்தார்கள்.
"எவன்டா அது" என்றான் காசிலிங்கம்.
குல்ஜமானின் வலது கை பித்தான்வரை போய்
ஸ்டியரிங்குக்கே திரும்பியது.
அதற்குப் பிறகு வந்த அந்த மூச்சு
பஸ் முழுக்கக் கேட்டது.