ஏழு காசும் கொஞ்சமும்

சீனி அரைக் கிலோ பாத்திரத்தில் இறங்குமுன்
தராசு ‘லோ’ என்று காட்டிவிட்டு அணைந்தது.
பொத்தான் அளவு பற்றரி.
வினிபெக்கில் இரவு ஒரு மணி,
கடை திறக்க எட்டாகும்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்துமூன்று,
கார் தன் வயரைச் சுவரில் செருகிக்கொண்டு தூங்குகிறது.

பேரின்பநாயகத்தாரின் லவ் கேக்
பதினொன்றுக்கு அவர் கையில் இருக்கவேண்டும்.

என்னிடம் இருப்பவை நான்கு கோப்பைகள்,
ஒன்றுக்குள் ஒன்று குந்தியிருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக்:
முழு, அரை, மூன்றிலொன்று, கால்.
சுகிர்தாவின் குறிப்பிலோ எல்லாம் கிராம்.
அவள் மெல்பேணில். அங்கே மாலை ஆறு.
“கோப்பைக்கு நூற்றெழுபது ரவை,
கண்ணை மூடிக்கொண்டு போடடி” என்கிறாள்.

கண்ணைத் திறந்துகொண்டே போட்டேன்.
நிரப்பி, கத்தியால் வழித்து, தலை சமம்.
மேசையில் மூன்று தட்டு.
ஒரு விரல்நகம் இறங்கிவிட்டது ரவை.
இன்னும் இரண்டு தட்டு. இன்னும் கொஞ்சம்.
அப்படியானால் முதலில் நான் அளந்தது
ரவையையா, ரவைக்கு நடுவில் இருந்த காற்றையா?
நூற்றெழுபது என்பது எத்தனையாவது தட்டில், சுகிர்தா?
அவள் சிரிக்கிறாள்:
“வாடகையையும் நீ இப்படித்தான்
சதம் சதமாய் எண்ணுவாய்.”

முந்திரி இன்னும் மோசம்.
முழுதாய் இரண்டரைக் கோப்பை,
நறுக்கினால் இரண்டேகால்.
இடையில் நான் தின்றது
எந்தக் கணக்கிலும் இல்லை.

பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி.
ஊற்றப்போன கையை அவள் குரல் பிடித்தது.
“பொறு, உன்ரை கரண்டி எத்தனை மில்லி?”
பதினைந்து.
“என்ரை இருபது.”
ஒரே அறையில் நான்கு வருடம்
ஒரே கரண்டியால் தின்றவர்கள் நாங்கள்.
நாடு மாறினால் கரண்டியின் வயிறும் மாறுமென்று
குடிவரவுக் கந்தோரில் எவரும் சொல்லவில்லை.
மேலதிகமாய் இரண்டு தேக்கரண்டி ஊற்றினேன்.
பன்னீர் நேர்மையானது,
தட்டினாலும் இறங்காது.

சீனியில்தான் எனக்குப் பிடிவாதம் வந்தது.
இரண்டரைக் கோப்பை என்று அவள் சொன்னதை
நம்பித் தொலைத்திருக்கலாம்.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
எதால் அளப்பதென்று சொன்னவர் இல்லை.
இங்கே ஆறு இறுகிக் கிடக்கிறது.
போட்டதெல்லாம் ஏப்ரல் வரை மேலேயே இருக்கும்,
போகிறவன் வருகிறவன் எண்ணிப் பார்க்கலாம்.

சட்டை மாட்டியொன்றை எடுத்தேன்.
குளியலறைத் திரைக்கம்பியில் தொங்கவிட்டு
இரு தோளிலும் இரு பை.
இடப்பக்கம் பிரிக்காத பட்டர்க் கட்டி,
நெற்றியில் அச்சடித்த நானூற்று ஐம்பத்துநான்கு.
மிச்சம் நாற்பத்தாறுக்குச் சில்லறை.
ஒரு டொலர்க் குற்றி ஆறேகால் கிராம்;
ஏழு போட்டால் காணாது, எட்டுப் போட்டால் கூட.
ஏழரைக்கு இந்த நாடு நாணயம் அடிப்பதில்லை,
ஏழரை என் சாதகத்தில் மட்டும்தான் ஓடுகிறது.
ஏழோடு கோட்டுப் பொத்தான் ஒன்றைச் சேர்த்தேன்.
மாட்டி ஆடியது, யோசித்தது, நின்றது.

வலப்பக்கச் சீனியைக் கோப்பையால் அள்ளிப் பார்த்தேன்:
இரண்டரை. மேலே ஒரு சிட்டிகை.
சுகிர்தாவுக்குச் சொல்லவில்லை.

அடுப்புக்கு வேறு பாஷை.
அவளுடைய நூற்றைம்பது இதற்கு முந்நூறு.
அதை மட்டும் கேள்வி கேட்காமல் திருகினேன்.
மணி மூன்று.

காலை பதினொன்று ஐந்துக்கு அவர் வந்தார்.
இருபத்தெட்டு வருடம் தபால் கந்தோரில்
பொதி தூக்கிப் பிரித்தவர், நேற்றோடு ஓய்வு.
பனிச்சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று
பெட்டியை வலக்கையில் வாங்கி
ஒருதரம் மேலே, ஒருதரம் கீழே.
“ஒரு கிலோ தொள்ளாயிரத்து எண்பது” என்றார்,
“பெட்டியோடை.”

காசை எண்ணாமல் வாங்கி வைத்தேன்.
அவருடைய கார் முனை திரும்பிய பிறகு
எண்ணினேன்.