இரண்டு விரற்கடை

நானூறு டாலர்.
விற்ற ரோலண்ட் வைபெர்க்
பணத்தை எண்ணாமலே சட்டைப்பையில் செருகினார்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அறுபத்தொன்றில் செய்த கேரவன்.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
பக்கவாட்டில் பார்த்தால் பன்ரொட்டி.
இரு டயரும் தட்டையாகி
முட்டி போட்டுக் கிடந்ததை
நவம்பரில், ஏரி உறைய ஒரு வாரம் இருக்கையில்,
கேரேஜுக்குள் பின்புறமாகத் தள்ளினோம்.
தலை இடிக்காமல் நுழைந்தது.
யாரும் அளக்கவில்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவெல்லாம் பிறர் படுக்கை விரிப்புகள்.
விடிந்ததும் கையுறையை மாற்றிக்கொண்டு
இதற்குள் புகுவேன்.

அழுகல் சன்னல் மூலையில்தான் தொடங்கும்.
ஒரு சொட்டு, அவ்வளவே.
அது அறுபது வருடம்
வழி மாறாமல் இறங்கியிருக்கிறது.
உள்பலகையை அழுத்தினேன்,
டீயில் நனைத்த ரஸ்க்கில் போல
விரல் உள்ளே போனது.
அலுமினியத் தகட்டை உரித்தால்
மரச்சட்டம் இருந்த இடத்தில்
சட்டத்தின் வடிவில் காப்பித்தூள்.

இவ்வளவு நாள் இதை எதுதான் நிறுத்தி வைத்தது?
பழக்கம், என்றாள்
பக்கத்து வீட்டு ஆர்டிஸ்.

எலிக்கூட்டில்
கிழிந்த மெத்தைப் பஞ்சுக்கு நடுவே
யாரோ கட்டாமல் விட்ட
மீன்பிடி அபராதச் சீட்டு, எழுபத்து நான்காம் வருடத்தது.
அளவுக்கு மீறி ஒரே ஒரு மீன்.
அதைச் சுவரில் குத்தி வைத்தேன்.
வேலை ஓடாத காலைகளில்
அந்த ஒரு மீனை நினைத்துக்கொள்வேன்.

சனவரியில் ஒரு மூலையை
சிலிக்கான் பூசி மூடினேன். சோம்பல்தான், வேறென்ன.
பிப்ரவரியில் அதைச் சுரண்டி எடுக்க
ஒன்பது காலைகள் போயின.
வெளியே மைனஸ் முப்பது.
பசைநாடா கல்லாய் இறுகிவிடும்,
சட்டைக்குள் வைத்து இளக்கித்தான் ஒட்ட வேண்டும்.
ஒரு சுருள் ஒட்டி முடிவதற்குள்
வயிற்றில் ஒரு வட்டத் தழும்பு.

மே மாதம் ஏரி திறந்தது.
வெண்ணெய் மஞ்சள் வண்ணம், புது வில்பட்டை,
புது டயர், கூரையில் புதுக் காற்றுச்சாளரம்.
பிக்கப்பில் கொக்கியை மாட்டி இழுத்தேன்.
டக்.

இரண்டு விரற்கடை.

யானை போயும் வால் மாட்டிய கதைதான்.
கூன் விழுந்து உள்ளே போனது
நிமிர்ந்துவிட்டது.
அது கதவு நிலைக்குத் தெரியுமா?

டயரில் காற்றை இறக்கினேன். ஒரு விரற்கடை குறைந்தது.
உட்கார்ந்து பார்ப்போமே, என்று ஆர்டிஸ் ஏறினாள்.
அவள் தம்பி ஏறினான்.
கூடைப்பந்துப் பையன்கள் இருவர், எலும்பும் தோலும்,
இருந்தாலும் ஏற்றினோம்.
தபால்காரர் டுவேன் பையை இறக்கப் போனார்.
வேண்டாம், பையோடு ஏறுங்கள் என்றோம்.

இன்னும் கால் விரற்கடை.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.
ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை.

ஆறு வருடத்துக்குப் பிறகு
அந்த எண்ணை அழுத்தினேன்.
"வெண்டல், உன் எடை வேண்டும்."
அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் தணிந்தது.
"இப்போது இருநூற்று எண்பது பவுண்டு,"
என்றான், மறைக்காமல்.
"வா."

வந்தான். மனைவியையும் அழைத்து வந்திருந்தான்.
லவான் எதுவும் கேட்கவில்லை,
செருப்பைக் கழற்றிவிட்டு
என் புதுத் தரையில் கால் வைத்தாள்.
அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று, என்ன செய்ய.

கேரவன் பெருமூச்சு விட்டு அமர்ந்தது.

முதல் கியர்.
கண்ணாடியில் தெரிந்தது:
சன்னல் நிறையத் தலைகள்,
அத்தனையும் குனிந்திருந்தன,
குனிந்தால் கூரையும் தணியும் என்பதைப் போல.
சாளரத்துக்கும் நிலைக்கும் இடையே
ஒரு தாள் நுழையும்.

முப்பதடி.
வெயிலுக்கு வந்து நிறுத்தினேன்.
இறங்கலாம் என்று இரண்டு முறை சொல்லியும்
யாரும் அசையவில்லை.
உள்ளே ஏதோ சிரிப்பு.

டுவேன் மட்டும் சன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டினார்.
என் மின்கட்டண ரசீது.